132 படிக்குக் கீழே ஒரு வீடு: மணலும் சிமெண்டும் ஆள் மேல் போகும் கணக்கு

குன்னூரில் வீடு கட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால், மனை எத்தனை சென்ட் என்று நான் முதலில் கேட்பதில்லை. ரோட்டிலிருந்து எத்தனை படி, ஏறணுமா இறங்கணுமா, அதுதான் முதல் கேள்வி. இங்கே பல வீடுகளுக்கு வண்டி போகாது. மலைச்சரிவில் படி ஓடும், படியின் இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உடம்பு முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்துதான் ஆம்புலன்சில் ஏற்றுவோம். பீரோ, கேஸ் சிலிண்டர், காதுகுத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டா எல்லாமே தலையிலோ தோளிலோதான் போகும்.

23 வருஷமாகச் சின்ன வீடுகளும் தடுப்புச் சுவர்களும் எடுத்துக் கட்டுகிறேன். அதற்கு முன்னால் அப்பா மேஸ்திரியாக இருந்த சைட்டுகளில் நானே சட்டி சுமந்திருக்கிறேன். இப்போது சொல்லப்போவது ஒட்டுப்பட்டறைப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்குக் கட்டிய 600 சதுர அடி வீட்டை வைத்து. ரோட்டிலிருந்து 132 படி கீழே, நடுவில் மூன்று திருப்பம். உங்கள் மனைக்கு 40 படி இருக்கலாம், அல்லது படியே இல்லாமல் மூன்றடிச் சந்து இருக்கலாம். எண்ணிக்கைதான் மாறும், வேலை ஒன்றுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சுமை தூக்குகிற ஆளைச் சோர வைப்பது நடை இல்லை. தரையிலிருந்து குனிந்து தூக்குவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் குனிந்து இறக்குவதும்தான் முதுகை வாங்கும். வண்டியை விட்டுக் கிளம்பிய சுமை, வீட்டுக்குப் போகும்வரை தரையைத் தொடக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் பேனா, அப்புறம் சட்டி

எல்லாவற்றையும் கிலோவாக மாற்றுங்கள். எங்கள் தொழிலில் கை கணக்கு ஒன்று உண்டு. ஒரு சதுர அடிக்குச் சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி 4 கிலோ, மணல் 1.8 கன அடி, ஜல்லி 1.35 கன அடி. 600 சதுர அடிக்குப் பெருக்கினால் சிமெண்ட் 240 மூட்டை, அதாவது 12 டன். கம்பி 2.4 டன். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) 1,080 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் கிட்டத்தட்ட 11 யூனிட். கன அடிக்கு 45 கிலோ என்று குறைத்து வைத்தாலும் 48 டன். ஜல்லி 810 கன அடி, 34 டன். செங்கல் 8,000 என்று வைத்தால் கல்லுக்கு 3 கிலோ, 24 டன். எல்லாம் சேர்த்து 120 டன்.

ஒரு நடைக்குச் சராசரி 25 கிலோ என்றால் 4,800 நடை. நான் இதை 132 படியால் பெருக்கி 6 லட்சத்து 33 ஆயிரம் படி என்று டீச்சரிடம் எழுதிக் காட்டினேன். அவர் கணக்கு டீச்சர். பேனாவை வாங்கி என் பெருக்கலைச் சரிபார்த்துவிட்டு, "தம்பி, வெறுங்கையோட திரும்பி ஏறுற படியை விட்டுட்டீங்களே" என்றார். ஆமாம், விட்டுத்தான் இருந்தேன். இரட்டிப்பாக்கினால் 12 லட்சத்து 67 ஆயிரம் படி. கீழே இருக்கிற வீட்டுக்கு இதுதான் வினை. பாரத்தோடு இறங்கும்போது முட்டி வாங்கும், காலியாக ஏறும்போது மூச்சு வாங்கும்.

இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்தப் பொருளை வாங்குவது என்றே முடிவு செய்ய வேண்டும். சுமையைக் குறைக்க முடிகிற இடம் கடைதான், படி இல்லை. அஸ்திவாரத்துக்கும் அடிமட்டச் சுவருக்கும் சாலிட் பிளாக் (துளையில்லாத கான்கிரீட் கல்), அதற்கு மேலே ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த லேசான கல்) என்று மாற்றினோம். 600க்கு 200க்கு 150 மில்லிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக் ஒன்று 12 கிலோ சுமார் வரும். அதே 8,000 செங்கல் சுவருக்கு ஏறக்குறைய 1,000 பிளாக் போதும். 24 டன் பாதியாகும், பூச்சுக்கும் இணைப்புக்கும் ஆகிற மணலும் குறையும். 16க்கு 8க்கு 6 அங்குல சாலிட் பிளாக் ஒன்று 26 கிலோ, அதைத் தேவையான இடத்துக்கு மட்டும். ஏ.ஏ.சி.யில் இரண்டு தொல்லை உண்டு: முனை சீக்கிரம் உடையும், நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். விலை கூடுதலாக இருக்கிறதே என்று இழுத்தால் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட மனையில் மணலின் விலையை மணல் சுமக்கும் கூலி தாண்டிவிடும்.

அஸ்திவாரத்துக்குப் பள்ளம் (வானம்) தோண்டும்போது வருகிற கல்லை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தடுப்புச் சுவருக்கு அதுவே ஆகும். படியேறி இறங்காத ஒரே கல் அதுதான். தோண்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடவும் கூடாது. 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தவன் நான். ஜேசிபி கொண்டுவரலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியே கிடைத்தாலும் 132 படியில் அது எப்படி இறங்கும்?

எந்த மாதம்

குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை படியில் பாரம் வைக்காதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை நல்ல காலம். மே மாதம் சீசன், மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு ஏறி வருவதே பெரும்பாடு. அதனால் மணல், ஜல்லி இரண்டையும் மார்ச்சுக்குள் இறக்கிவிடுவேன். காலை 7 மணிக்கு முன்னால் வேலை தொடங்குவதில்லை. காரணம் குளிர் இல்லை, காட்டு மாடு. இருட்டோடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படிக்குப் பக்கத்தில் நிற்கும். தலையில் பாரத்தோடு திருப்பத்தில் அதன் முகத்தில் போய் முட்டினால் ஓடவும் முடியாது, சுமையைப் போடவும் முடியாது. எங்கள் சைட்டில் ஒருநாள் மணல் குவியல்மேல் ஒன்று படுத்திருந்தது. எட்டரை மணி வரைக்கும் டீயைக் குடித்துக்கொண்டு எல்லோரும் ரோட்டிலேயே நின்றோம். அதுவாக எழுந்து போனது.

படியைத் தயார் செய்வது

ஒருநாள் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். நாலு ஆளின் ஒருநாள் கூலி வீண் என்று நினைத்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

வெறுங்கையோடு படியில் மூன்று தடவை ஏறி இறங்குங்கள். ஆடும் கல் எது, பாசி பிடித்த படி எது என்று சாக்பீஸால் குறியுங்கள். ஆடும் கல்லைக் கலவை வைத்து உட்கார வையுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் தூவிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலே மணலைத் தூவிவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. மணல் கோலிக்குண்டு மாதிரி உருளும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது படியின் உயரம். தலையில் பாரம் இருப்பவர் குனிந்து படியைப் பார்க்க முடியாது. கால்தான் அளந்து இறங்கும். பத்துப் படி இறங்கியதும், அடுத்தது ஆறு அங்குலம் என்று கால் தானாக நம்பிக்கொள்ளும். எங்கள் படியில் 47ஆவது படி மட்டும் எட்டரை அங்குலம். எப்போதோ யாரோ ஒட்டுப்போட்ட படி. அந்த இடத்தில் கால் காற்றில் ஒரு கணம் தேடும், முட்டி மடங்கும். இடித்துக் கட்ட நேரமில்லை. அதனால் 46ஆவது படி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். தலை நிமிர்ந்திருந்தாலும் கீழ்க்கண்ணில் வெள்ளை தெரியும், கால் எச்சரிக்கையாகிவிடும். அப்படி மொத்தம் ஐந்து படிக்கு அடித்தோம். வேலை நடந்த நாட்கள் முழுக்க அந்த ஐந்து இடத்திலும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

பள்ளத்துப் பக்கம் கைப்பிடி இல்லையென்றால் கம்பம் நட்டு இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டுங்கள். படியோரமாகவும் குறுக்காகவும் குடிதண்ணீர்ப் பைப்புகள் கணுக்கால் உயரத்தில் ஓடும், இந்த ஊரில் அது சகஜம். அவற்றின் மேல் பழைய சாக்கைச் சுற்றி, குறுக்கே வருகிற இடத்தில் பலகையைச் சரிவாக வையுங்கள். அப்படியே வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இத்தனை நாள் ஆகும், சாயங்காலம் படியைக் கூட்டிக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லிவிட்டு நிஜமாகவே கூட்டவும் வேண்டும்.

சுமைதாங்கி

பழைய ஊர்ச்சாலைகளில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பார்கள். அதில் நான் கவனித்தது உயரத்தை. தலையில் சுமையோடு வருகிறவர் யாருடைய கையும் இல்லாமல், குனியாமல், அப்படியே அதன்மேல் தள்ளி வைக்கலாம். இளைப்பாறிவிட்டு அதேபோல் தலையை நுழைத்து எடுத்துக்கொண்டு போகலாம். இதைவிடக் குறைந்த செலவில் சுமைக்காரருக்கு உதவுகிற சாதனம் எதுவும் எனக்குத் தெரியாது.

நாங்கள் மூன்று திருப்பத்திலும் மூன்று சுமைதாங்கி கட்டினோம். மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டி, சாலிட் பிளாக்கைக் கலவை வைத்து இரண்டு தூணாக அடுக்கி, மேலே இரண்டு அங்குலக் கனத்தில் சில்வர் ஓக் பலகை. கலவை வைக்காமல் வெறுமனே அடுக்கினால் என்றைக்காவது மூட்டையோடு சாயும். பலகையின் உயரம், நிற்கும் ஆளின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வர வேண்டும். என் ஆட்களை நிற்க வைத்து அளந்ததில் நாலே கால் அடி வந்தது. பலகையின் மேல்பக்கம் வழுவழுவென்று இருக்கட்டும். சாக்கு வழுக்கித் தலைக்கு வர வேண்டும், இழுத்துத் தூக்கும்படி இருக்கக்கூடாது.

இப்போது 132 படி நாலு துண்டாகிவிட்டது, துண்டுக்கு 33 படி. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பேர். முதல் துண்டுக்காரர் முதல் சுமைதாங்கியில் வைத்துவிட்டுத் திரும்புவார், அடுத்தவர் அங்கேயிருந்து எடுப்பார். யாரும் 33 படிக்கு மேல் பாரத்தோடு போவதில்லை, யாரும் 33 படிக்கு மேல் ஏறுவதுமில்லை. மொத்தத்தில் மிதிக்கிற படி குறையவில்லைதான். ஆனால் அவரவர் துண்டு அவரவர் காலுக்கு மனப்பாடமாகிவிடும். எதிரும் புதிருமாக எட்டுப் பேர் படியில் உரசிக்கொள்வதும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துண்டை மாற்றிக்கொடுப்பேன். மேல் துண்டு டீக்கடைக்குப் பக்கம், அதற்கு எப்போதும் போட்டி.

ரோட்டில் என்ன செய்வது? பெரிய டிப்பர் எங்கள் சந்துக்கு வராது. பிக்கப்பில்தான் மணல் மாற்றி வரும். வண்டி வந்ததும் மணலை ரோட்டில் கொட்டச் சொல்லாதீர்கள். கொட்டினால் போலீஸ் தொல்லை ஒருபக்கம். ஒவ்வொரு சுமையும் தரையிலிருந்து கிளம்ப வேண்டிவரும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. இரண்டு பேர் வண்டிக்குள்ளேயே நின்று சாக்கில் அள்ளிக் கட்டி, ஒருவர் அதைத் தூக்கி வண்டியின் பக்கப்பலகைமேல் வைக்கட்டும். கீழே நிற்பவர் தலையைக் கொடுத்தால் போதும். டிரைவர் காத்திருப்புக் கூலி கேட்பார். முணுமுணுக்காமல் கொடுங்கள்.

மணலுக்குச் சட்டியா சாக்கா

படியில் சாக்கு. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சட்டி திறந்திருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் சிந்தும், சிந்தினது அடுத்தவர் காலுக்குக் கீழே போகும். காலிச் சிமெண்ட் சாக்கில் 25 கிலோ அளவுக்கு மணலைப் போட்டுக் கழுத்தைக் கட்டுக்கம்பியால் முறுக்கினால் சிந்தாது, சுமைதாங்கியில் நிற்கும், எண்ணவும் சுலபம். அரைக் கன அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சாக்கு நிறையப் போட்டால் 58 கிலோ வந்துவிடும். பார்வைக்குத் தெரியாது. அதனால் முதல் சாக்கைத் தராசில் நிறுத்து, மட்டம் வந்த இடத்தில் எல்லாச் சாக்கிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்குச் சட்டமும் உண்டு. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், தனியாகத் தூக்குகிற சுமைக்கு ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு வைத்தன. அது சமதரைக்கும் சேர்த்துச் சொன்ன உச்சம். படிக்கு அதைத் தொடாமல் இருப்பது நல்லது. சிமெண்ட் மூட்டை மட்டும் 50 கிலோவாகத்தான் வரும், பிரித்துக் கட்டினால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். அதை ஆண்களுக்கு மட்டும், காலையில் உடம்பு புதிதாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் மட்டும், ஒருநாளைக்கு 30 மூட்டைக்கு மேல் போகாமல் இறக்குவோம்.

ஒரே தடவையில் 240 மூட்டையையும் இறக்கி வைத்துவிடலாம் என்ற ஆசை வரும். மஞ்சு (மூடுபனி) இறங்குகிற ஊரில் சிமெண்ட் சும்மா இருந்தே கட்டியாகும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரை விட்டு ஓரடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், மேலே தார்ப்பாய்.

சும்மாட்டுக்குப் பழைய பருத்திச் சேலைதான் நல்லது. நைலான் வழுக்கும், டர்க்கி டவல் சீக்கிரம் தட்டையாகிவிடும். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர், எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை சுமந்தே தலை நரைத்தவர். சேலையை நாலு விரல் அகலத்துக்கு மடித்துக் கயிறாக முறுக்கி, உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றி, கடைசி முனையை நடுவில் செருகுவார். நடுவில் குழி கட்டாயம் இருக்க வேண்டும். "உச்சியில பாரம் உக்காரக்கூடாது தம்பி, சுத்தி இருக்கிற எலும்புல உக்காரணும்" என்பார். நான் கட்டின சும்மாட்டை அழுத்திப் பார்த்துவிட்டு அவிழ்த்து எறிந்திருக்கிறார்.

தகரச் சரிவு: என் முட்டாள்தனம்

கீழே இறக்குவதுதானே, சறுக்கிவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டாவது வாரம், கடைசிச் சுமைதாங்கிக்குப் பக்கத்திலிருந்து சரிவோடு நாற்பதடிக்குத் தகரத்தை வளைத்துக் கட்டினேன். மதியம் ஓட்டிப் பார்த்தபோது மணல் தண்ணீர் மாதிரி ஓடியது. அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வந்த எம்-சாண்ட் ஈரம். மேலே கொட்டக் கொட்டக் கீழே ஒன்றும் வரவில்லை. நடுவில் எங்கேயோ அடைத்திருக்கிறது, இன்னும் நாலு சாக்கு போட்டால் அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும் என்றேன். தள்ளிக்கொண்டுதான் போனது. அரை டன் மணலும் தகரமும் சேர்ந்து பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிகளின் மேல் இறங்கி, சாக்கு சுற்றாமல் விட்டிருந்த ஒரே பைப்பை ஒடித்தது. நாலு வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நல்லவேளையாகக் கீழே யாரும் நிற்கவில்லை. மாலை வரை நானே குடத்தில் தண்ணீர் சுமந்தேன், ஆறு ஜெரேனியம் தொட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

தகரம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காய்ந்த ஜல்லிக்கு, இருபதடிக்குள், 45 டிகிரிக்குக் குறையாத சாய்வில், முடிகிற இடத்தில் மண்மூட்டைத் தடுப்பு வைத்துச் செய்யலாம். மேலே கொட்டுகிறவரும் கீழே இருப்பவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிய வேண்டும். ஈர மணலுக்கு வேண்டாம். கலந்த கான்கிரீட்டுக்கும் வேண்டாம், ஓடும்போது ஜல்லி தனியாகவும் சிமெண்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும்.

கான்கிரீட் போடும் நாளுக்கு எல்லாப் பொருளும் முந்தின நாளே கீழே இருக்க வேண்டும். மேலே ரோட்டில் கலந்து சட்டி சட்டியாக இறக்கலாம் என்பார்கள். கலவையில் தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மூன்று சுமைதாங்கி மாறிப் போவதற்குள் ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொரு பதத்தில் இருக்கும். கீழேயே கலக்குங்கள். கையால் கலப்பதானால் 10 சதவீதம் சிமெண்ட் கூடுதலாகப் போட வேண்டும், முதல் கணக்கிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

கம்பியும் மற்றவையும்

கம்பி 40 அடி. கடையில் இரண்டாக மடித்துத் தருவார்கள், அப்படியும் 20 அடி. எங்கள் திருப்பத்தில் 11 அடிக்கு மேல் எதுவும் திரும்பாது. அதனால் கம்பி கட்டுகிறவரை ரோட்டுக்கே வரவழைத்து, அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கேயே வெட்டினோம். சும்மா பத்துப் பத்தடியாக நறுக்கிவிடக் கூடாது. ஒட்டு வருகிற இடத்தில் கம்பியின் கனத்தைப் போல 50 மடங்கு மேல்படிய வேண்டும். 12 மில்லிக்கு 60 சென்டிமீட்டர், இரண்டடி. எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் வராமலும் பார்க்க வேண்டும். இன்ஜினியரிடம் காட்டாமல் கட்டரைத் தொடாதீர்கள். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்குகளை மேலேயே வளைத்து, தூணுக்கு ஒரு நிறம், பீமுக்கு ஒரு நிறம் என்று பெயிண்ட் தடவிக் கட்டுக்கட்டாக இறக்கினோம். 12 மில்லிக் கம்பி முழு நீளத்துக்கு 10.65 கிலோ, கடைக் கட்டில் ஐந்து கம்பி, 53 கிலோ. வெட்டின பிறகு எடையைக் கணக்குப் போட்டு 40 கிலோவுக்குள் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

நீளமான எதையும் இரண்டு பேர் தூக்கும்போது, இருவரும் ஒரே பக்கத்துத் தோள். இறங்கும்போது உயரமானவர் முன்னால், ஏறும்போது உயரமானவர் பின்னால். குரல் கொடுப்பது எப்போதும் பின்னால் இருப்பவர், ஏனென்றால் முன்னாலிருப்பவரை அவரால் பார்க்க முடியும். கம்பி முனையில் துணியைச் சுற்றுங்கள். திருப்பத்தில் அது போகிற உயரம் சரியாக ஒரு குழந்தையின் முகத்துக்கு.

கடப்பா கல்லைப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் ஒடியும். செங்குத்தாக நிறுத்தி, கீழே இரண்டு இடத்தில் சாக்குச் சுற்றிய கயிற்றைக் கோத்து, மூங்கிலில் கட்டித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி எடையில் ஒன்றுமில்லை, ஆனால் காற்று அடித்தால் ஆளையே திருப்பிவிடும், காலையில் காற்றில்லாத நேரத்தில் இறக்குங்கள். கூரைத் தகரமும் அப்படித்தான். கழிவுநீர்த் தொட்டிக்கு சிமெண்ட் ரிங் வாங்கி உருட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளைப் படிக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள். அங்கேயே கல் வைத்துக் கட்டிவிடுவதுதான் புத்தி. கண்ணாடியும் டைல்ஸும் கடைசி.

கூலி

நடைக்கு இவ்வளவு என்று பேசினால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆட்கள் ஓடுவார்கள். ஓட்டத்தில்தான் கால் பிசகும். நாள் கூலி என்று மட்டும் பேசினால் மூன்று மணிக்கு மேல் சுமைதாங்கியில் சாக்குக்குப் பதில் ஆள் சாய்ந்திருப்பார். நான் செய்வது, நாள் கூலி, ஆனால் இன்றைக்கு 300 சுமை, முடிந்ததும் கிளம்பலாம். வழக்கமாக நாலு மணிக்கு முடித்துவிடுவார்கள். எண்ணிக்கைக்கு ரோட்டில் இரண்டு டப்பா, ஒன்று நிறையப் புளியங்கொட்டை. சாக்கு ஒன்று கிளம்பினால் கொட்டை ஒன்று இந்த டப்பாவிலிருந்து அதற்கு. டீச்சர் தானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரோட்டோரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

பத்தரைக்கு டீயும் கடலைமிட்டாயும், மதியம் சோறு, மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி. முட்டி வலி என்று சொன்னவரை அன்றைக்குச் சாக்குக் கட்ட உட்கார வையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்தமுறை வலியைச் சொல்ல மாட்டார்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேருக்குக் காலாவதியாகியிருந்தது.

மணலும் ஜல்லியும் மார்ச் கடைசிக்குள் இறங்கின. பூச்சு வேலை ஜூலை வரை இழுத்தது, அது வேறு கதை. வேலை முடிந்ததும் படியைக் கழுவி, கயிற்றை அவிழ்த்து, சுமைதாங்கிகளை இடிக்கக் கடப்பாரையோடு போனேன். முதலாவதன்மேல் காய்கறிக்காரரின் கூடை இருந்தது. இரண்டாவதில் கேஸ் சிலிண்டரை வைத்துவிட்டு சிலிண்டர் போடுகிற பையன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இதை எடுத்துடுவீங்களாண்ணா?" என்று கேட்டான். கடப்பாரையைத் தோளில் மாற்றிக்கொண்டு, சில்வர் ஓக் பலகை மழைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தட்டிப் பார்த்தேன். மறுவாரம் டீச்சர் செலவில் மூன்றுக்கும் பலகையை எடுத்துவிட்டுக் கல் போட்டோம்.